கியூவில் தொடங்கும் ஒரு வார்த்தை

காலையில் கடற்கரையில் நடக்க வரும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், போன வாரம் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "டி.வி.யில் தினம் தினம் 'எஃப்.ஐ.ஆரை குவாஷ் பண்ணக் கோரி மனு' என்கிறார்கள். அடுத்த நாள் பேப்பரில் பார்த்தால் 'ரத்து செய்யக் கோரி மனு' என்று இருக்கிறது. அப்படியென்றால் கேன்சலும் குவாஷும் ஒன்றுதானா? நீங்கள் முப்பத்தெட்டு வருஷம் ஃபைலோடு குடித்தனம் நடத்தியவர், சொல்லுங்கள்."

காந்தி சிலைப் பக்கம் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் அந்த வார்த்தைக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஐம்பது வருஷம் ஆயிற்று. இதுவரை எழுதவில்லை.

முதலில் அவர் கேட்டதற்குப் பதில். ஆபீசில் ஒரு உத்தரவைப் போட்டவரே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அது கேன்சல், அல்லது ரிவோக். தலைமை எழுத்தர் "இதை கேன்சல் பண்ணிட்டு வேறு போடப்பா" என்பார், நாமும் வேறு ஒன்று டைப் அடிப்போம். யாருக்கும் மானக்கேடு இல்லை. குவாஷ் அப்படி அல்ல. போட்டவருக்கு மேலே ஒருவர் இருந்து, "நீ போட்ட இந்தக் காகிதம் சட்டப்படி செல்லாது" என்று உடைத்துப் போடுவது குவாஷ். ஹைகோர்ட்டுக்கு அரசியல் சட்டம் 226-ஆவது பிரிவில் அந்த அதிகாரம் இருக்கிறது. கிரிமினல் வழக்கு என்றால் 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 482-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 528 ஆகிவிட்டது. வக்கீல்கள் இன்னும் வாய் தவறி நானூற்று எண்பத்திரண்டு என்றுதான் சொல்கிறார்கள். நாமும் இன்னும் சில வீதிகளைப் பழைய பெயரில்தானே சொல்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்த வார்த்தைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கலகத்தை அடக்குவதும் குவாஷ், வதந்தியை அமுக்குவதும் குவாஷ். தமிழில் நமக்கு இதற்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. ஆளை அடக்குவோம், கூட்டத்தை ஒடுக்குவோம், மூட்டைப்பூச்சியை நசுக்குவோம், விஷயத்தை அமுக்குவோம், தப்பை மூடி மறைப்போம். ஒன்றைச் சொல்லும் இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஃபைலை யாரும் ஒடுக்க மாட்டார்கள், அமுக்கத்தான் செய்வார்கள். ஆனால் கோர்ட் ஒரு உத்தரவை உடைப்பதற்கு மட்டும் நாம் 'ரத்து' என்ற அரபி வார்த்தையைக் கடன் வாங்கியிருக்கிறோம். நவாபு காலத்துக் கச்சேரியிலிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கும். கேன்சலுக்கும் ரத்து, குவாஷுக்கும் ரத்து, ஓடாத ரயிலுக்கும் ரத்து. ஆசிரியரின் குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

இனி என் கதை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பரில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. 1962-ல் சட்டப்படி எல்லாம் முடிந்தபோது பதின்மூன்று. அப்போதும் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியிலேயே விட்டு வைத்தார். "ஒரு கதவு மூடினா இன்னொரு கதவு இருக்கட்டும்" என்பார். அவர் நினைத்தது பாரீஸ் கதவு. எனக்குத் திறந்ததோ 1970-ல் ஒரு எல்.டி.சி. வேலை. முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் ஆபீஸ்.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லோரும் மெட்ராஸ் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் படித்தவர்கள். எனக்கு 'வித் ரெஃபரன்ஸ் டு' எழுதவே ஒரு மாசம் பிடித்தது. 'என்னப்பா, முசே இங்கிலீஷ் எழுதறாரு' என்று கிண்டல் பண்ணுவார்கள். அதனால் ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தெரியாத வார்த்தை வந்தால் கேட்க மாட்டேன். தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அகராதி பார்ப்பேன். பல தடவை அது பலித்தது. ஒரு தடவை பலிக்கவில்லை.

எங்கள் ஆபீசில் ஒரு பியூன் இருந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை, அவர் பெயரும் வேண்டாம். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆபீசில் என்னை சார் என்பார், வெளியே வந்தால் தம்பி. நான் எங்கே பார்த்தாலும் அண்ணே. 1973-ல் சர்வீஸ் தபால் தலைக் கணக்கில் அறுபத்திரண்டு ரூபாய் குறைகிறது என்று அவர் மேல் பழி வந்தது. சி.சி.எஸ். விதிகளின்படி விசாரணை என்று ஒன்று நடந்தது. ஒரே நாள், ஒரே சாட்சி. அப்போதெல்லாம் விசாரணை முடிந்த பிறகு இரண்டாவதாக ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 'உன்னை வேலையை விட்டு நீக்கலாம் என்று இருக்கிறோம், நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்கும் நோட்டீஸ். (பிறகு எமர்ஜென்சி காலத்து 42-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது.) அவரும் தமிழில் இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். அந்தத் தேதிகளில் தபால் தலைப் பெட்டிச் சாவி தன்னிடம் இல்லை, தன்னை மேலதிகாரி வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள், சாவி யாரிடம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று எழுதியிருந்தார். நான் ரப்பர் ஸ்டாம்ப் போட்டு, தேதி எழுதி, இனிஷியல் வைத்து அவருடைய நகலை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அசலை ஃபைலில் கோத்து, 37, 38 என்று பக்க எண்ணும் போட்டேன். என் குறிப்பிலும் விளக்கம் வந்திருக்கிறது என்று ஒரு பத்தி எழுதினேன்.

ஃபைல் மேலே போய், மறுநாளே என் மேஜைக்குத் திரும்பி வந்தது. அந்தப் பத்தியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. வாயால்தான் சொன்னார்கள்: "இது வேண்டாம். வேற நோட் போடு."

வேறு நோட் போட்டேன். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு, தகுதிகாண் காலம் முடிந்து பணி உறுதி ஆர்டர் இன்னும் வரவில்லை. இது காரணம், சமாதானம் அல்ல. கடைசி உத்தரவில் 'விளக்கம் எதுவும் வரப்பெறவில்லை' என்ற வரியையும் நானே டைப் செய்தேன். நாலு கார்பன் வைத்து அடித்தது இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

வேலையில் சேரும்போது எல்லோரும் ஒரு அட்டெஸ்டேஷன் பாரம் நிரப்புகிறோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏதாவது தகவலை மறைத்தால், 'சப்ரெஷன்' செய்தால், வேலைக்கே தகுதி போய்விடும் என்று மேலேயே எச்சரித்திருக்கும். ஊழியன் மறைத்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு, விதி உண்டு, தண்டனை உண்டு. ஃபைல் மறைத்தால் அதற்குப் பெயர் 'வேற நோட்'.

அவர் டிஸ்மிஸ் ஆனார். யாரோ சொல்லி, மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஒரு வக்கீலைப் பிடித்து ரிட் போட்டார். 1962-லிருந்தே புதுச்சேரிக்கும் அதுதானே ஹைகோர்ட். வக்கீல் ஃபீசுக்கு வட்டிக்கு வாங்கினார். வீட்டில் ஒரு கறவை மாடு இருந்தது. அவர் மனைவி பால் ஊற்றித்தான் அந்த ஏழெட்டு மாசமும் அடுப்பு எரிந்தது.

1974-ல் ஒரு சனிக்கிழமை. அந்தக் காலத்தில் சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. மத்தியானம் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார். டிஸ்மிஸ் ஆனதிலிருந்து ஆபீஸ் படி ஏறமாட்டார். கையில் ஒரு தந்தி. "தம்பி, வக்கீலு அனுப்பியிருக்காரு. படிச்சுச் சொல்லு."

ஆங்கிலத்தில் நாலே வார்த்தை. தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு என்பதால் வக்கீல் சுருக்கமாக முடித்துவிட்டார். 'ஆர்டர்' என்பது முதல் வார்த்தை. மூன்றாவது, நாலாவது வார்த்தைகள் 'லெட்டர் ஃபாலோஸ்'. கடிதம் பின்னால் வருகிறது என்று அர்த்தம், அது தெரிந்தது. நடுவில் இருந்த இரண்டாவது வார்த்தைதான் நான் அதுவரை பார்க்காதது. கியூ, யூ, ஏ, எஸ், எச், ஈ, டி.

தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஸ்குவாஷ். லெமன் ஸ்குவாஷ் பாட்டில். பழத்தை நசுக்கிச் சாறு எடுப்பது. தந்தியில் எழுத்து விட்டுப்போவது சகஜம். முன்னால் ஒரு எஸ் விழுந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஆர்டர் என்றால் கோர்ட் ஆர்டர், தீர்ப்பு. தீர்ப்பு என்ன? நசுக்கிவிட்டார்கள்.

"அண்ணே, கேஸ் போயிடுச்சுபோல இருக்கு. கடுதாசி வந்தா விவரம் தெரியும்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தந்தியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்டில் கிரெபியே, அதாவது கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்தவர். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். பேச்சுவாக்கில் இந்தப் பாவத்தைச் சொன்னேன். கண் சரியாகத் தெரியாது அவருக்கு, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தந்தியில என்ன வார்த்தை?"

எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"முன்னால எஸ் இருந்துதா?"

"இல்ல பெரியப்பா, விட்டுப்போயிருக்கும்னு..."

எழுந்து உட்கார்ந்தார். "நீ பிரெஞ்சுதானடா படிச்ச? கியூ-யூ வந்தா பிரெஞ்சுல என்னன்னு படிப்ப? 'க'ன்னுதானே படிப்ப? அப்படிப் படிச்சுப் பாரு. காஸ், காசே! ஆர்டரை காசே பண்ணிட்டாங்க. யாரு ஆர்டரை? உங்க ஆபீஸ் ஆர்டரை!"

காசே என்றால் பிரெஞ்சில் உடைப்பது. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குச் சாப்பிடும் 'காஸ் குரூத்' எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், ரொட்டியின் மேலோட்டை உடைப்பது. தட்டு உடைந்தாலும் காசே, கை எலும்பு உடைந்தாலும் காசே. கோர்ட்டிலும் அதே வார்த்தைதான். பிரெஞ்சு ஆட்சியில் நம் ஊர் வழக்குகளுக்குக் கடைசிப் படி பாரீசில் இருந்த 'கூர் த காசாசியோன்'. உடைக்கும் கோர்ட் என்றே பெயர். 1790-ல், புரட்சி நடந்த கையோடு ஏற்படுத்தியது. பெரியப்பா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அந்தக் கோர்ட் யார் சொன்னது நிஜம், யார் சொன்னது பொய் என்று பார்க்காது. கீழ்க் கோர்ட் சட்டத்தைச் சரியாகப் பார்த்ததா என்று மட்டும் பார்க்கும். சரியில்லை என்றால் தீர்ப்பை உடைத்து, வேறொரு கோர்ட்டுக்கு அனுப்பும். மனுவைத் தள்ளுவதாக இருந்தால் 'ரெஜத்தே' என்பார்கள், தீர்ப்பை உடைத்தால் 'காசே'. ஒன்றின் இடத்தில் மற்றது வரவே வராது. "அதேதான்டா மெட்ராசிலயும். மனு தோத்தா டிஸ்மிஸ்டுன்னு தந்தி வந்திருக்கும்" என்றார்.

பின்னாளில் பெரிய அகராதிகளில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இங்கிலீஷ் குவாஷ் பழைய பிரெஞ்சிலிருந்து போனது. குலுக்கு, உடை என்ற பொருளில் ஒரு லத்தீன் வார்த்தையும், வெறுமை, செல்லாதது என்ற பொருளில் இன்னொரு லத்தீன் வார்த்தையும் பிரெஞ்சில் கலந்து ஒன்றாகி, அங்கிருந்து கடல் தாண்டியிருக்கின்றன. அதனால்தான் கலகத்துக்கும் அது, கோர்ட் உத்தரவுக்கும் அது. ஸ்குவாஷ் அதன் உடன்பிறப்புத்தான். ஆனால் அண்ணனுக்கு வந்த தந்தியைத் தம்பி பெயரில் பிரித்துப் படித்தால் இப்படித்தான் ஆகும். பட்டாளத்தில் ஓர் அதிகாரியைப் பதவி பறித்து அனுப்புவதற்கு 'கேஷியர்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பணம் எண்ணும் கேஷியர் வேறு வீட்டுப் பிள்ளை.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு, பெரியப்பா சொல்லி முடிப்பதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டேன். முதலியார்பேட்டையில் அவர் வீடு. விளக்கு வைக்கும் நேரம். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஜெயிச்சுட்டீங்க. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். ஆபீஸ் ஆர்டரைத்தான் ரத்து பண்ணியிருக்காங்க. வேலை இருக்குது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தியைப் பையிலிருந்து எடுத்தார், பிரித்தார், திருப்பி மடித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து வாசற்படியில் நின்றது. நான் மறுபடியும் சொன்னேன். அந்தம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அப்ப மாடு?"

அப்போதுதான் கொட்டகையைப் பார்த்தேன். முளைக்குச்சியும் அறுந்த கயிறும்தான் கிடந்தன. இனிமேல் சம்பளம் வராது, வட்டிக்காரன் விடமாட்டான் என்று அன்று காலையில் வில்லியனூர்க்காரர் ஒருவருக்கு நானூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். பணத்தில் முக்கால்வாசி அப்போதே வட்டிக்காரன் கைக்குப் போய்விட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானே வில்லியனூர் போனேன். அந்த ஆள் நல்லவர்தான். ஆனால் மேலே நூறு கொடுத்தால் பார்க்கலாம் என்றார். என் சம்பளம் அப்போது முந்நூற்றுச் சொச்சம். அம்மாவிடம் கேட்டு, நண்பர்களிடம் கேட்டு, பத்து நாளில் ஐந்நூறைத் திரட்டிக்கொண்டு போனபோது மாடு வேறு கைக்கு மாறியிருந்தது. அவர் நிலுவைச் சம்பளம் வர இன்னும் ஏழு மாசம் ஆனது. அதற்குள் மாடு எந்த ஊருக்குப் போனதோ. என் ஐந்நூறையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நீ வேணும்னா செஞ்ச தம்பி?" என்றார்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு நகல் ஆபீசுக்கு வந்தது. எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன் என்பதால் அதைப் பிரித்ததும் நான்தான். இப்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். விளக்கம் வரவில்லை என்று உத்தரவு சொல்கிறது. ஆனால் வந்ததற்கு அத்தாட்சியாக ஆபீஸ் முத்திரையும் தேதியும் குமாஸ்தாவின் இனிஷியலும் உள்ள நகலை மனுதாரர் காட்டியிருக்கிறார். வந்த விளக்கத்தைப் பார்க்காமல் ஒருவரை நீக்கியது செல்லாது என்று இருந்தது. அந்த இனிஷியல் என்னுடையது. 'வரப்பெறவில்லை' என்று அடித்த விரலும் என்னுடையது. கோர்ட்டுக்கு அது இரண்டும் ஒரே ஆள் என்று தெரிய வாய்ப்பில்லை. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான்.

மறுபடி விசாரணை வைக்க கோர்ட் இடம் விட்டிருந்தது. வைக்கவில்லை. சாவி விஷயம் வெளியே வந்துவிடும் என்று விட்டிருப்பார்கள்.

கலகத்தைக் குவாஷ் பண்ணுவது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த அர்த்தம் நம் ஊருக்குப் புதிதில்லை. 1936 ஜூலை 30-ல் மில் தொழிலாளர்களைச் சுட்டு, பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. எங்கள் பியூன் அண்ணனின் அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தவர். சுட்ட அன்று எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று அண்ணன் இடம் காட்டிச் சொல்வார். காகிதத்தில் போட்டதைக் காகிதத்தால் உடைக்கிறதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டிருக்காது.

அவர் ஓய்வு பெறும் வருஷம் பென்ஷன் தாள்கள் தயார் செய்ய அவருடைய சர்வீஸ் புக் என் கைக்கு வந்தது. 1973 டிஸ்மிஸ் பதிவு கறுப்பு மையில் இருந்தது. அதன் கீழே சிவப்பு மையில் ஹைகோர்ட் உத்தரவின்படி அது ரத்தானதும், இடைப்பட்ட காலம் பணிக்காலமாகக் கணக்கிடப்பட்டதும். 1975-ல் நானே எழுதிய பதிவு. அவர் மேஜை ஓரத்தில் நின்றிருந்தார்.

"அந்த வார்த்தை எது தம்பி, காட்டு."

காட்டினேன். குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதென்றாலும் விரலை அதன் மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தார்.

"ஏழு எழுத்தா?"

"ஏழு எழுத்து அண்ணே."

37, 38-ஆம் பக்கங்களைப் பற்றியும், பென்சில் வட்டத்தைப் பற்றியும், யார் அடித்தது என்பதைப் பற்றியும் அன்றைக்காவது அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். வீட்டில் செய்த பால்கோவா. மறுபடி மாடு வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, நல்லாக் கறக்குது என்றார். நான் சாப்பிட்டேன். சொல்லவில்லை.

அவர் காலமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆசிரியர் நண்பரே, நாளைக் காலை வரும்போது கேளுங்கள், ஸ்டே என்பதற்கும் செட் அசைடு என்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்கிறேன். அதில் கதை ஒன்றும் இல்லை.